கோவில்பட்டித் தொகுதியும் பொதுவுடைமைக் கட்சியும்: ‘கோட்டை’ என்னும் வழக்குப் பற்றிய ஓர் ஆய்வு

கரிசல் இலக்கியத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர் தொகை அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. அவர்தம் ஆய்வேடுகளைப் படிக்கும் வாய்ப்பு எமக்கு அடிக்கடி நேர்கின்றது. அவற்றின் முதல் இயலில் மண்ணின் நிறம், மழையின் குறைவு, விளைபொருள்கள் ஆகியன கூறப்படும். அவற்றை அடுத்து ஒரு தொடர் பெரும்பாலும் தவறாது வரும். ‘கோவில்பட்டி பொதுவுடைமை இயக்கத்தின் கோட்டை’ என்பதே அத்தொடர். இதற்குச் சான்று காட்டுவார் அரியர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தாள்வதால் அஃது ஐயத்திற்கு இடமற்ற உண்மைபோல் நிலைத்துவிட்டது.

இத்தொடர் பிழையாயின் அதனால் விளையும் தீங்கு சிறிதன்று. கோட்டை என்று கொண்டபின், அவ்வட்டாரத்துக் கதை மாந்தரெல்லாம் ஒரே கொள்கையினர் ஆகிவிடுகின்றனர். கதையில் வரும் வறட்சி, கடன், கூலி ஆகிய அனைத்தும் கட்சி அறிக்கையின் விளக்கங்களாகப் படிக்கப்படுகின்றன. படைப்பின் பன்முகத் தன்மை மறைந்துபோகின்றது. ஆதலின் அத்தொடர் எத்துணை உண்மை உடையது என ஆராய்தல் இலக்கிய மாணவர்க்குப் புறம்பான வேலை ஆகாது. சட்டமன்றத் தேர்தல் முடிவுகளை அளவுகோலாகக் கொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எக்கட்சியையும் போற்றுவதோ தூற்றுவதோ நோக்கமன்று.

‘கோட்டை’ என்னும் உருவகம்

முதற்கண் சொல்லையே நோக்குவோம். பகைவர் புறத்தே முற்றுகையிட, உரியவர் அகத்தே நின்று காக்கும் இடம் கோட்டை. புறப்பொருள் இலக்கணத்தார் மதிலை வளைத்துப் போரிடுதலை உழிஞை என்றும், மதிலைக் காத்து நிற்றலை நொச்சி என்றும் வகுத்தனர். தொல்காப்பியர் இவ்விரண்டையும் உழிஞையுள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாக்கிற்று. எவ்வாறு வகுப்பினும், அகத்தார் இவர், புறத்தார் இவர் என்னும் தெளிவு கோட்டைக்கு இன்றியமையாதது.

தேர்தல் அரசியலில் அத்தெளிவு உண்டா என்பதே வினா. ஒரு தேர்தலில் புறத்தே நின்று முற்றியவர் அடுத்த தேர்தலில் அகத்தே நின்று காப்பவர் ஆதல் தமிழகத்தில் இயல்பு. திருக்குறளின் அரண் என்னும் அதிகாரமும் மதிலின் உயரத்தையும் திண்மையையும் பேசிய பின்னர், வினைத்திறம் உடையார் இல்லையேல் அரணால் பயனில்லை என்று முடிகின்றது. கோவில்பட்டியில் மதிலாக இருந்தது எது, வினையாளராக இருந்தவர் யாவர் என்று பிரித்தறிய வேண்டும்.

நிலமும் தொழிலும்

கோவில்பட்டி, 1986ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு முதல் தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் அடங்கியது. தாமிரபரணிப் பாசனத்திற்கு வடக்கே, ஆற்று நீர் எட்டாத கரிசல் வெளியில் அமைந்த ஊர் இது. இங்கு வேளாண்மை மானாவாரி. மழையை நோக்கியே விதைப்பர். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய் ஆகியன முதன்மையான விளைபொருள்கள். பருத்தியின் சிறப்பு நோக்கி 1901ஆம் ஆண்டிலேயே அரசினர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை இங்கு நிறுவினர்.

நஞ்சை வளமுடைய தஞ்சைப் பகுதியில் பொதுவுடைமை இயக்கம் வளர்ந்த வரலாறு வேறு. இங்கு வளர்ந்த வரலாறு வேறு. அங்குப் பெருநிலக்கிழார்க்கும் பண்ணையாளர்க்கும் இடையிலான பகைமை இயக்கத்திற்கு அடிப்படையாயிற்று. இங்கோ எட்டயபுரம் சமீன் ஆட்சி நெடுங்காலம் நிலவியது எனினும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன் முறை ஒழிந்த பின்னர்ச் சிறு நிலமுடைய சம்சாரிகளே பலராக இருந்தனர். நிலம் உண்டு, நீர் இல்லை. விளைச்சல் உண்டு, விலை இல்லை என்பதே அவர்தம் குறை. கடன், வறட்சி நிவாரணம், குடிநீர், விலை ஆகியவற்றைப் பற்றிய கோரிக்கைகள் கூலியாளையும் சிறு சம்சாரியையும் ஓரளவு ஒன்று சேர்க்கத் தக்கவை. விவசாயிகள் சங்கம் இங்கு வேரூன்ற இது துணை செய்தது.

தொழில்துறையிலும் இருவகைத் தொழிலாளர் இருந்தனர். நூற்பாலைத் தொழிலாளர் ஒரே வாயில் வழியே உள்ளே சென்று ஒரே வாயில் வழியே வெளியே வருபவர். அவரைச் சங்கமாகத் திரட்டுதல் எளிது. தீப்பெட்டித் தொழிலாளர் நிலை அத்தகையது அன்று. ஊரார் ‘தீப்பெட்டி ஆபீசு’ என வழங்கும் சிறு தொழிலகங்கள் பலவாகச் சிதறிக் கிடந்தன. பெட்டி ஒட்டும் வேலையோ வீட்டுத் திண்ணைகளிலேயே நடந்தது. அதில் ஈடுபட்டோர் பெரும்பாலும் பெண்கள். வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறும் இவர்களை ஒரு சங்கத்துள் கொணர்தல் அரிய செயல். எனவே கரிசல் வட்டாரத்து உழைப்பாளர் அனைவரும் ஒருங்கு திரண்ட ஒரு படையாக இருந்தனர் எனக் கருதுதல் பொருந்தாது.

இந்நிலையில், இயக்கத்தின் சின்னமும் நிலத்திற்கு ஏற்றதாய் அமைந்தது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் தேர்தற் சின்னம் கதிர் அரிவாள். முதற் பொதுத் தேர்தல் தொட்டு மாறாது வரும் சின்னம் அது. எழுத்தறியா வாக்காளரும் இனங்காணும் பொருள் கதிரும் அரிவாளும். தலைமுறை மாறினும் சின்னம் மாறாமை வாக்குத் தொடர்ச்சிக்கு ஒரு துணை எனலாம்.

நாட்டளவிலும் மாநில அளவிலும் கட்சியின் நிலை

ஒரு தொகுதியின் வரலாற்றை அறியுமுன், பரந்த பின்னணியை அறிதல் வேண்டும். 1951-52ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி மக்களவையில் 16 இடங்களைப் பெற்று, எதிர்க்கட்சிகளுள் பெரியதாக விளங்கிற்று. 1957இல் 27 இடங்களையும் 1962இல் 29 இடங்களையும் பெற்றது. 1957இல் கேரளச் சட்டமன்றத்தின் 126 இடங்களுள் 60 இடங்களை வென்று, சுயேச்சைகள் சிலர் ஆதரவுடன் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைச்சரவை அமைத்தது. அவ்வமைச்சரவை 1959 சூலைத் திங்களில் நீக்கப்பட்டது.

1964இல் கட்சி பிளவுண்டது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சி, மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சி என இரண்டாயின. இக்கட்டுரையில் ‘பொதுவுடைமைக் கட்சி’ என வாளா கூறின், 1964க்குப் பின் முன்னதையே குறிக்கும். மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் வலிமை பெற்ற மார்க்சியக் கட்சி மக்களவையில் தம்பி தமையனை விஞ்சிய நிலையை அடைந்தது. 2004இல் அதற்கு 43 இடங்கள். இந்தியப் பொதுவுடைமைக் கட்சிக்கு 10 இடங்கள். பின்னர் இரண்டும் தேய்ந்தன. 2024இல் முறையே 4 இடங்களும் 2 இடங்களுமே கிடைத்தன. 2023 ஏப்பிரலில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி தேசியக் கட்சி என்னும் ஏற்பினைத் தேர்தல் ஆணையத்திடம் இழந்தது.

தமிழகத்தின் நிலை தனித்து நோக்கத்தக்கது. 1952இல் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களை வென்றது. அவற்றுள் பெரும்பகுதி ஆந்திரப் பகுதியைச் சார்ந்தவை. எனவே ஆந்திரம் பிரிந்த பின்னர், 1957இல் 4 இடங்களும் 1962இல் 2 இடங்களுமே கிடைத்தன. ஆயினும் 1962இல் மாநிலமெங்கும் அக்கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு ஏழரைக்கு மேற்பட்டது. 1971இல் பெற்ற வாக்கு நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. வென்ற இடங்களோ 8. வாக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தபோது, இடம் நான்கு மடங்காயிற்று.

இம்முரண்பாட்டின் காரணம் எளிது. 1962இல் கட்சி பல தொகுதிகளில் நின்று சிதறிய வாக்குகளைப் பெற்றது. 1971இல் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு உடன்பாடு கொண்டு, சில தொகுதிகளில் மட்டும் நின்று, தோழமைக் கட்சிகளின் வாக்குகளையும் சேர்த்துப் பெற்றது. ஒரு தொகுதியில் மிக்க வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் நம் தேர்தல் முறையில், சிறு கட்சிக்கு உடன்பாடே ஏணி. இதனை மனத்திற் கொள்ளாது இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டே மக்கள் உள்ளத்தை அளக்கப் புகுவார் தவறிழைப்பர். இடங்களின் எண்ணிக்கை உடன்பாட்டின் அளவையே பெரிதும் காட்டும்.

கோவில்பட்டியின் தேர்தல் வரலாறு

இனித் தொகுதிக்கு வருவோம். 1967 முதல் 2021 வரை தமிழகச் சட்டமன்றத்திற்குப் பதின்மூன்று பொதுத் தேர்தல்கள் நடைபெற்றன. அவற்றுள் 1967 முதல் 2001 வரை நடந்தவை ஒன்பது. அவ்வொன்பதனுள் ஏழில் கோவில்பட்டித் தொகுதியைப் பொதுவுடைமைக் கட்சி வென்றது. 1967, 1971, 1977, 1980, 1989 ஆகிய ஐந்து தேர்தல்களில் வென்றவர் எஸ். அழகர்சாமி. 1996இல் எல். அய்யலுசாமியும் 2001இல் எஸ். இராசேந்திரனும் வென்றனர். இடையே 1984இல் காங்கிரசும், 1991இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகமும் வென்றன. 2006 முதல் 2021 வரை நடந்த நான்கு தேர்தல்களிலும் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகமே வென்றது.

ஒன்பதில் ஏழு என்பதே ‘கோட்டை’ என்னும் வழக்கிற்கு அடிப்படை. இவ்வெண்ணிக்கையை மறுப்பார் இலர். ஆனால் அவ்வேழு வெற்றிகளும் எத்தகைய சூழலில் கிட்டின என்பதை நோக்கினால் வேறு சில உண்மைகள் புலனாகும்.

1967இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பேரலை வீசியது. அக்கழகத்தின் அணியில் மார்க்சியக் கட்சி இருந்தது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சி இல்லை. அவ்வாண்டு அது வென்ற இடங்கள் இரண்டே. அவ்விரண்டனுள் ஒன்று கோவில்பட்டி. 1971இல் திராவிட முன்னேற்றக் கழக அணியில் நின்று வென்றது. 1977இல் காங்கிரசோடு சேர்ந்து நின்றது. அவ்வாண்டு அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியைப் பிடித்தது. காங்கிரசு அணி தோற்றது. கோவில்பட்டியோ பொதுவுடைமைக் கட்சியிடமே நிலைத்தது. 1980இல் எம்.ஜி. இராமச்சந்திரன் தலைமையிலான அணியில் நின்று வென்றது. 1989இல் பிளவுண்ட அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் செயலலிதா பிரிவோடு சேர்ந்தது. மாநிலத்தில் அப்பிரிவு தோற்றது. கட்சிக்கு மாநிலம் முழுதும் கிட்டிய இடங்கள் மூன்று. அவற்றுள்ளும் கோவில்பட்டி ஒன்று. 1996இல் திராவிட முன்னேற்றக் கழகம், தமிழ் மாநிலக் காங்கிரசு ஆகியவற்றோடும், 2001இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தோடும் சேர்ந்து வென்றது.

ஆகவே ஏழு வெற்றிகளுள் ஒன்று தனித்துப் பெற்றது. ஏனைய ஆறும் வெவ்வேறு தோழமைகளில் பெற்றவை. மாநிலத்தின் பெருங்கட்சிகள் அனைத்தும் ஏதேனும் ஒரு தேர்தலில் இத்தொகுதியில் கதிர் அரிவாளுக்கு வாக்குக் கேட்டுள்ளன. அவையே பிறிதொரு தேர்தலில் அதற்கு எதிராகவும் வாக்குக் கேட்டுள்ளன. கோட்டையின் அகத்தாரும் புறத்தாரும் இவ்வாறு இடம் மாறி நின்றனர்.

வெற்றி தோல்விகளின் பாகுபாடு

மேற்கண்ட தேர்தல்களை மாநில அளவிலான போட்டியின் இயல்பு நோக்கி இருவகையாகப் பகுக்கலாம். பல அணிகள் எதிர்த்து நின்ற பன்முனைத் தேர்தல்கள் ஒருவகை. பெரும்பாலும் இரண்டு அணிகளே மோதிய இருமுனைத் தேர்தல்கள் மற்றொரு வகை.

1967, 1977, 1989 ஆகியன முதல்வகையின. 1996ஐயும் 2001ஐயும் அவ்வகையிலேயே சேர்க்கலாம். 1994இல் தோன்றிய மறுமலர்ச்சித் திராவிட முன்னேற்றக் கழகம் 1996இல் மூன்றாவது அணியாகவும் 2001இல் தனித்தும் நின்றது. கரிசல் வட்டாரத்தில் அக்கட்சிக்குச் செல்வாக்கு மிகுதி. எனவே எதிர் வாக்குகள் இங்குப் பெரிதும் பிரிந்தன. இவ்வைந்து தேர்தல்களிலும் பொதுவுடைமைக் கட்சி தவறாது வென்றது. அதன் தோழமை அணி மாநிலத்தில் தோற்ற 1977, 1989 ஆகிய ஆண்டுகளிலும், தோழமையே இல்லாத 1967இலும் வென்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1971, 1980, 1984, 1991 ஆகியன இருமுனைத் தேர்தல்கள். இவற்றுள் முதலிரண்டில் கட்சி நின்ற அணி மாநிலத்தில் வென்றது. கோவில்பட்டியிலும் கட்சி வென்றது. பின்னிரண்டில் அது நின்ற அணி மாநிலத்தில் தோற்றது. இங்கும் கட்சி தோற்றது. 1984ஆம் ஆண்டுத் தேர்தல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்து, எம்.ஜி. இராமச்சந்திரன் அயல்நாட்டில் மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்தபோது நடைபெற்றது. 1991ஆம் ஆண்டுத் தேர்தல் இராசீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்டதை அடுத்து முடிவுற்றது. இரக்க அலை வீசிய அவ்விரு தேர்தல்களிலும் கரிசல் நிலம் மாநிலத்தின் ஏனைய பகுதிகளைப் போன்றே வாக்களித்தது. கோட்டை எனின் அலைக்குத் தனித்து நின்றிருத்தல் வேண்டும்.

இவற்றால் பெறப்படுவது யாது? கட்சிக்கு இத்தொகுதியில் உறுதியான, தனக்கே உரிய வாக்கு ஒன்று இருந்தது. எதிரிகள் பலராகப் பிரிந்து நின்றபோது வெல்வதற்கு அது போதுமானதாயிற்று. எதிரிகள் ஒன்று திரண்டபோது போதாதாயிற்று. அப்பொழுது தோழமையின் வலிமை வேண்டப்பட்டது. சங்கங்களின் உழைப்பும், ஒரே வேட்பாளரை மீண்டும் மீண்டும் நிறுத்தியதால் எய்திய அறிமுகமும், மாறாச் சின்னமும் அவ்வுறுதியான வாக்கைப் பேணின எனக் கொள்ளலாம்.

ஈண்டு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இரு பொதுவுடைமைக் கட்சிகளும் வெவ்வேறு அணிகளில் நின்ற ஆண்டுகள் 1967, 1971, 1977, 1989, 1996 ஆகியன. அவ்வைந்திலும் இங்கு வெற்றி கிட்டியது. ஓரணியில் நின்ற ஆண்டுகள் 1980, 1984, 1991, 2001, 2006. அவற்றுள் மூன்றில் தோல்வி நேர்ந்தது. இதனைக் கண்டு, பிரிவு வெற்றி தரும், ஒற்றுமை தோல்வி தரும் என ஒருவர் முடிவு கட்டின் அது நகைப்பிற்கிடமாகும். இருமுனைப் போட்டி அமைந்தபோது இரு கட்சிகளும் ஓரணியில் சேர நேர்ந்தது. பன்முனைப் போட்டியில் பிரிந்து நின்றன. தோல்விக்குக் காரணம் போட்டியின் இயல்பேயன்றி ஒற்றுமை அன்று. உடன் நிகழ்வது வேறு, காரணம் வேறு என்பதைப் புள்ளிவிவரத்தைக் கையாளும் இலக்கிய மாணவர் மறத்தல் கூடாது.

தொகுதியின் எல்லைகள் 1967, 1977, 2011 ஆகிய தேர்தல்களுக்கு முன்னர் மறுவரையறை செய்யப்பட்டன என்பதும் கருதத்தக்கது. பெயர் ஒன்றாயினும் நிலப்பரப்பு முற்றும் ஒன்றன்று.

மக்களவையில் இவ்வட்டாரம்

சட்டமன்றத் தொகுதியின் வெற்றி மக்களவையில் எதிரொலித்ததா எனவும் காண்போம். 2008ஆம் ஆண்டு மறுசீரமைப்பிற்கு முன்னர் கோவில்பட்டி, சிவகாசி மக்களவைத் தொகுதியுள் அடங்கியிருந்தது. பின்னர்த் தூத்துக்குடித் தொகுதியுள் சேர்ந்தது. 1996இல் சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் ஒருங்கே தேர்தல் நடந்தது. அவ்வாண்டு சிவகாசியில் பொதுவுடைமைக் கட்சியின் வி. அழகிரிசாமி, வைகோவைத் தோற்கடித்து வென்றார். ஆனால் 1998இலும் 1999இலும் அத்தொகுதியை வைகோ வென்றார்.

சட்டமன்றத்திற்குத் தொடர்ந்து பொதுவுடைமைக் கட்சியினரை அனுப்பிய வாக்காளர் நிலை மக்களவைத் தேர்தலில் வேறாக வெளிப்பட்டது. மக்களவைத் தொகுதி பரந்தது. பல ஊர்களையும் பல தொழில்களையும் பல சமுதாயங்களையும் தழுவியது. கோவில்பட்டியில் செறிந்திருந்த வாக்கு அப்பரப்பில் கரைந்தது. எனவே இவ்வட்டாரத்து வலிமை ஒரு நகரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் பற்றியதேயன்றிக் கரிசல் நிலம் முழுமையையும் பற்றியது அன்று. ஆய்வேடுகளில் ‘கரிசற் பூமி’ எனப் பொதுவாக எழுதுவோர் இவ்வரையறையைப் பேணுதல் வேண்டும்.

2006ஆம் ஆண்டின் திருப்பம்

2006ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவு மேற்கூறிய பாகுபாட்டில் அடங்காதது. அவ்வாண்டு கட்சி திராவிட முன்னேற்றக் கழக அணியில் நின்றது. அவ்வணி மாநிலத்தில் வென்று ஆட்சி அமைத்தது. பொதுவுடைமைக் கட்சிக்கு ஆறு இடங்கள் கிடைத்தன. ஆயினும் கோவில்பட்டியில் அது தோற்றது. அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் எல். இராதாகிருட்டிணன் வென்றார். வெல்லும் அணியில் நின்றும் இத்தொகுதியை இழந்தது இதுவே முதன்முறை.

இதற்கு ஒரு காரணம் வெளிப்படை. 1996இலும் 2001இலும் பிரிந்து நின்ற மறுமலர்ச்சித் திராவிட முன்னேற்றக் கழகம் 2006இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தோடு சேர்ந்தது. பிரிந்திருந்த எதிர் வாக்கு ஒன்று கூடிற்று. மற்றொரு காரணம் காலப்போக்கில் விளைந்தது. வேளாண்மையை நம்பி வாழ்தல் அரிதாகி இளைஞர் வெளியூர் செல்வது மிகுந்தது. தீப்பெட்டித் தொழிலில் இயந்திரங்கள் புகுந்தன. சங்கத்தின் வழியே கட்சிக்கு வந்த வாக்கு, சங்கம் தளர்ந்தபோது தளர்தல் இயற்கை. இது எம் கருத்து. ஊர்தோறும் கள ஆய்வு செய்வார் இதனை உறுதி செய்யவோ மறுக்கவோ கூடும்.

அதன்பின் நிகழ்ந்ததே பெரிதும் சிந்திக்கத்தக்கது. 2011இல் கட்சி அண்ணா திராவிட முன்னேற்றக் கழக அணியில் நின்று மாநிலத்தில் 9 இடங்களை வென்றது. ஆனால் கோவில்பட்டியில் அக்கழகமே தன் வேட்பாளரை நிறுத்திற்று, கடம்பூர் செ. ராசு வென்றார். 2016இல் இரு பொதுவுடைமைக் கட்சிகளும் மக்கள் நலக் கூட்டணியில் நின்றன. கோவில்பட்டி மறுமலர்ச்சித் திராவிட முன்னேற்றக் கழகத்திற்கு ஒதுக்கப்பட்டது. அத்தேர்தலில் கடம்பூர் ராசு திராவிட முன்னேற்றக் கழக வேட்பாளரை 428 வாக்கு வேறுபாட்டில் வென்றார். மாநிலத்தில் இரு பொதுவுடைமைக் கட்சிகளும் ஓரிடமும் பெறவில்லை. 2021இல் திராவிட முன்னேற்றக் கழக அணியில் இரு கட்சிகளும் இரண்டிரண்டு இடங்களை வென்றன. அவ்வாண்டு கோவில்பட்டி மார்க்சியக் கட்சிக்கு ஒதுக்கப்பட்டது. கடம்பூர் ராசு மும்முறையாக வென்றார், டி.டி.வி. தினகரன் இரண்டாமிடம் பெற, மார்க்சியக் கட்சி வேட்பாளர் கே. சீனிவாசன் மூன்றாமிடம் பெற்றார்.

ஆகவே 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் கதிர் அரிவாள் சின்னம் கோவில்பட்டி வாக்காளர் முன் வைக்கப்படவே இல்லை. 2006இல் வாக்குச் சாவடியில் இழந்த தொகுதியை, அதன்பின் உடன்பாட்டு மேசையிலேயே கட்சி இழந்தது. 2016ஆம் ஆண்டின் 428 வாக்கு வேறுபாட்டை நோக்கினால், ஒரு சிறு பகுதி வாக்கு எத்துணை முதன்மை உடையது என்பது விளங்கும். ஆயினும் அச்சிறு பகுதி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அளக்கும் வாய்ப்பு அத்தேர்தல்களில் இல்லாது போயிற்று. உடன்பாடு சிறு கட்சிக்கு இடம் தருகின்றது. அவ்விடம் எதுவென முடிவு செய்யும் உரிமையை மெல்லப் பறித்துக்கொள்கின்றது. நாற்பதாண்டுகள் உழைத்துப் பேணிய ஒரு தொகுதியைக் கைவிட்டு, வேறோரிடத்தில் வெற்றி காணும் கட்சிக்கு இடங்களின் எண்ணிக்கை குறையாது. வேர்களின் எண்ணிக்கை குறையும்.

இலக்கிய ஆய்விற்கு இதனால் பெறுவது

இவ்வளவும் அரசியலாரின் ஆய்வுக்குரியன அல்லவா, தமிழ்த்துறையார்க்கு என்னை பயன் என வினவலாம். பயன் உண்டு. கி. இராசநாராயணன் பொதுவுடைமை இயக்கத்தோடு தொடர்புடையவர். விவசாயிகள் போராட்டங்களில் ஈடுபட்டவர். அவர் பிறந்த இடைசெவலிலேயே பிறந்தவர் கு. அழகிரிசாமி. இவர்களை அடுத்து வந்த பூமணி, சோ. தர்மன், ச. தமிழ்ச்செல்வன் முதலியோரும் இவ்வட்டாரத்தினர். இவருள் இடதுசாரி இயக்கங்களோடு உறவு கொண்டவர் பலர். இதனால் இலக்கியச் செழிப்பும் தேர்தல் வெற்றியும் ஒரே ஊற்றினின்று பிறந்தன எனக் கருதும் மனப்போக்கு எளிதில் உண்டாகின்றது.

ஆனால் காலவரிசை அதற்குத் துணை நிற்கவில்லை. பூமணியின் ‘அஞ்ஞாடி’ 2012இல் வெளிவந்து 2014இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. சோ. தர்மனின் ‘சூல்’ 2019இல் அப்பரிசு பெற்றது. தொகுதி கைவிட்டுப் போன பின்னரே இவ்விரு பெரும் படைப்புகளும் புகழெய்தின. கட்சி தளர்ந்தபோது இலக்கியம் தளரவில்லை. எனவே படைப்பின் வலிமைக்குக் கட்சியின் வலிமையைக் காரணமாக்குதலும், கட்சியின் தளர்ச்சியைக் கொண்டு படைப்பின் காலம் முடிந்தது என்றலும் ஒருங்கே பிழை.

மேலும், இவ்வட்டாரத்து உழவர் துயரைப் பேசியது பொதுவுடைமைக் கட்சி மட்டுமன்று. மின் கட்டணம், கடன் ஆகியவற்றிற்காகக் கட்சி சாராத உழவர் இயக்கத்தை நடத்திய சி. நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் கோவில்பட்டியிலேயே காலமானார். கரிசல் உழவரின் குரல் பல வாயில்களின் வழியே ஒலித்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஒரு சிறுகதையில் கடன்பட்ட சம்சாரி ஒருவர் வந்தால், அவர் எக்கட்சிக்கு வாக்களித்தார் என்பதை நிலத்தைக் கொண்டு ஊகித்தல் இயலாது. கதையைக் கொண்டே அறிதல் வேண்டும். கதை கூறாதாயின், நாமும் கூறாதிருத்தலே முறை.

முடிவுரை

கோவில்பட்டியில் பொதுவுடைமைக் கட்சி 1967 முதல் 2001 வரை ஒன்பது தேர்தல்களுள் ஏழில் வென்றது உண்மை. அவ்வெற்றிகளுக்கு அடியில் உறுதியான ஓர் உள்ளூர் வாக்கு இருந்தது என்பதும் உண்மை. எதிர் வாக்குகள் பிரிந்தபோது அது தானே வென்றது. கூடியபோது தோழமையின் துணையால் வென்றது. துணை தோற்றபோது தானும் தோற்றது. அலைக்கு அசையாத அரணாக அஃது எக்காலத்தும் இருந்ததில்லை. 2006க்குப் பின்னர் அவ்வாக்கு மறைந்ததா, வெளிப்பட வழியின்றி நின்றதா என்பதைத் தேர்தல் முடிவுகள் கூறா.

ஆதலின், ஆய்வேடு எழுதும் மாணவர் ‘கோட்டை’ என்னும் ஒரு சொல்லால் இவ்வரலாற்றைச் சுருக்கிவிடாது, எவ்வாண்டு, எவ்வணி, எத்துணை முனைப் போட்டி என்பவற்றை எழுதுதல் நன்று. அதற்கு ஒரு பக்கம் மிகுதியாகத் தேவைப்படும். அவ்வொரு பக்கம் அவர் ஆராயும் கதை மாந்தர்க்கு, தாம் விரும்பியவாறு சிந்திக்கவும் வாக்களிக்கவும் உரிய உரிமையை மீட்டுத் தரும்.